ஓய்ந்த கையோடு அம்ஹர்ஸ்ட் கடற்கரைக்கு

ரங்கூனிலிருந்து அம்ஹர்ஸ்டுக்கு எப்படிப் போவது, என்ன செலவாகும், அங்கே நம்முடைய சாப்பாடு கிடைக்குமா என்று போன மாதம் மட்டும் என்னிடம் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் நம் சங்கப் பத்திரிகையில் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். அழகான வர்ணனையை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். நான் களைத்துப்போய்ப் புறப்பட்டவன், பாதி வழி தூங்கிக்கொண்டே போனவன்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தந்தி ஆபீசில் பதினெட்டு வருஷமாகத் தந்தி அடிக்கிறவன். யுத்த காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் தந்திக் கருவியின் சாவியைத் தட்டிய கை இது. சென்ற கார்த்திகையில் வலது கைச் சுண்டுவிரல் மடங்கிக்கொண்டது. பிறகு பக்கத்து விரல். தை பிறந்தபோது, பத்து வார்த்தை அடிப்பதற்குள் மணிக்கட்டு முழுவதும் பூட்டுப் போட்டதுபோல் இறுகிக்கொள்ளும். காப்பி டம்ளரைப் பிடிக்கலாம், வேட்டி கட்டலாம், சாவியைத் தொட்டால் மட்டும் இறுகும். தந்தி அடிப்பவர்களுக்கு வரும் வியாதிதான் இது, மருந்து கிடையாது என்றார் டாக்டர். ஒரு மாதம் சாவியைத் தொடாமல் கடற்கரையில் இருந்து, கையை உப்புத் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

மேலதிகாரி துரை ஒரு மாதம் ரஜா கொடுத்தார். திரும்பி வந்ததும் அவர் முன்னால் கால் மணி நேரம், நிமிஷத்துக்கு இருபது வார்த்தை வீதம் அடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் உறை ஒட்டும் அறைக்கு, பாதிச் சம்பளத்துக்கு. அவர் கெட்டவர் இல்லை, விதி அப்படி. பாதிச் சம்பளத்தில் ரங்கூனில் நான்கு வயிறு நிறையாது. இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு எல்லோரும் ஊருக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

அப்படியானால் ரஜாவுக்கே ஊருக்குப் போகலாமே என்றார்கள். டெக்கில் நான்கு நாள் உருண்டு கிடந்து ஊர் போய்ச் சேர்ந்தால், தெருவே திரண்டு வந்து என் கையைப் பிடித்துப் பார்க்கும். ஆளுக்கொரு தைலம் சொல்வார்கள். அந்தத் தெம்பு எனக்கு இல்லை. பெண்களை ரங்கூனிலேயே பசுண்டானில் என் மைத்துனி வீட்டில் விட்டுவிட்டு, நானும் என் மனைவி குஞ்சம்மாளும் மாசி மாத ஆரம்பத்தில் ஒரு திங்கட்கிழமை புறப்பட்டோம்.

ரயில் காலை ஆறேகாலுக்கு. மர்த்தபான் வரை நூற்று அறுபத்தேழு மைல், மூன்றாம் வகுப்பு ஆளுக்கு மூன்று ரூபாய் ஓரணா. ஐந்தரைக்கே போய்விடுங்கள், ஜன்னல் ஓரம் கிடைக்கும். ஆனால் வலது பக்க ஜன்னல் வேண்டாம். காலை முழுவதும் வெயில் முகத்தில் அடிக்கும், கரித்தூள் வேறு. பெகுவுக்கு எட்டரைக்குள் போய்விட்டோம். அங்கே பிளாட்பாரத்தில் நல்ல வாழைப்பழம் கிடைக்கும். அதற்குப் பிறகு அறுவடை முடிந்த வயல்தான், சித்தாங் பாலம்தான், மறுபடியும் வயல்தான். குஞ்சம்மாள் கொண்டுவந்த புளியோதரையை மூன்று தரம் எடுத்துச் சாப்பிட்டோம். பசியால் இல்லை, வேறு வேலை இல்லாததால். மர்த்தபான் சேரும்போது மணி மூன்றே முக்கால்.

அங்கிருந்து மோல்மேனுக்கு நீராவிப் படகு, அரை மணி நேரம். ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால் மோல்மேன் குன்றின் மேல் வரிசையாகப் பகோடா என்னும் புத்தர் கோயில்கள் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறது. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் தமிழர் சத்திரம் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு நாலணா, பாய் அவர்களே தருவார்கள், மூட்டைப்பூச்சியும் அதிலேயே இருக்கும். மோல்மேனைப் பற்றி இவ்வளவுதான். படுத்தோம், எழுந்தோம்.

அம்ஹர்ஸ்டுக்கு ஆற்று வழியாக முப்பது மைல். நீராவிப் படகு ஏழு மணிக்கு என்று பலகையில் எழுதியிருக்கும், அதை நம்பவேண்டாம். ஆற்று நீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துத்தான் எடுப்பார்கள். எங்களுக்கு எட்டே காலுக்கு எடுத்தார்கள். டெக் கட்டணம் ஒரு ரூபாய். படகை ஓட்டிய சாரங்கு சிட்டகாங்காரர். அம்ஹர்ஸ்டில் என்ன வியாபாரம் என்று என்னைக் கேட்டார். வியாபாரம் இல்லை, சும்மா இருக்கப் போகிறேன் என்றேன். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் துரைகளும் சீக்காளிகளும் தவிர யாரும் அங்கே சும்மா இருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, நான் பைலட் இல்லை என்பதைப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டவர்போல் எனக்கு நிழலில் ஒரு பெட்டி காட்டினார். அதன் மேல் உட்கார்ந்து தூங்கினேன்.

பகல் ஒன்றுக்குச் சேர்ந்தோம். படகு கரைக்கு வராது. சம்பான் என்னும் சின்னத் தோணியில் இறக்கிவிடுவார்கள், தலைக்கு ஓரணா. தண்ணீர் வற்றிய நேரமானால் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். நாங்கள் நடந்தோம். பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வரவேண்டாம்.

பர்மியர்கள் இந்த ஊரைக் கியாக்கமி என்கிறார்கள். ஊர் என்றால், தென்னந்தோப்புக்குள் மோன் ஜனங்களின் மர வீடுகள், பைலட்டுகளின் பங்களா, போலீஸ் ஸ்டேஷன், தபால் தந்தி ஆபீசு, பத்துப் பன்னிரண்டு கடை. அவ்வளவுதான். கடைகளில் ஒன்று நாகூர்க்காரரான மரைக்காயருடையது. அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, கைலி எல்லாம் விற்கிறார். அறுபது வயதிருக்கும். கடைக்குப் பின்னாலிருந்த ஓர் அறையையும் சமையல் கட்டையும் மூன்று வாரத்துக்குப் பத்து ரூபாய் என்று பேசி எங்களுக்கு விட்டார். வீட்டுக்கு வெளியே தமிழ்க்குரல் கேட்டு மாதக்கணக்காகிறது என்று முதல் நாள் பேசியே எங்களை உட்காரவைத்துவிட்டார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் மோல்மேனில் கடை வைத்திருக்கிறாராம்.

கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீலமாக இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். ஆறு கலக்கிக் கொண்டுவரும் சேற்றில், போதுமான பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கிறது. ஆனால் காற்று நல்ல காற்று. கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை. கடலுக்குள்ளேயே கட்டிய ஒரு பகோடா இருக்கிறது. கரையிலிருந்து அதற்குப் போகும் பாதை, நீர் ஏறும்போது மூழ்கிவிடும். காலையில் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போனால் நனையாமல் திரும்பலாம். உள் அறைக்குப் பெண்களை விடுவதில்லை. குஞ்சம்மாள் வெளியே நின்று கடலைப் பார்த்தாள். இத்தனை தூரம் சேற்றில் நடந்து வந்தது இதற்குத்தானா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சொன்னபடி காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் கையை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பேன். ஓய்வு என்பது இவ்வளவு அலுப்பான காரியம் என்று எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, விரலால் பாறையில் தட்டிப் பார்த்தேன். ஏழாவது வார்த்தையில் மணிக்கட்டு இறுகிக்கொண்டது. எழுந்து வீட்டுக்குப் போனேன். குஞ்சம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள். அன்றைக்கு எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

மறுநாள் தபால் ஆபீசுப் பக்கம் போனேன். சும்மா போகவில்லை, சத்தம் இழுத்துக்கொண்டு போயிற்று. தந்திக் கருவி தட்டும் சத்தம் தெருவரை கேட்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பேச்சு, காதை மூடிக்கொண்டாலும் புரியும். அந்த ஆபீசைப் பார்ப்பவர் கோ பா தின். முப்பத்தைந்து வயது மோன்காரர், தபாலும் அவர்தான், தந்தியும் அவர்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மனிதர் இடது கையால் அடித்துக்கொண்டிருந்தார். சாவியை மேஜையின் இடது ஓரத்தில் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருந்தார். சின்ன வயதில் வலது மணிக்கட்டு முறிந்து கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். அடிப்பதில் ஒரு குறையும் இல்லை.

நான் யாரென்று சொன்னதும், ஊறவைத்த தேயிலையான லப்பே வரவழைத்துக் கொடுத்தார். கையைக் காட்டினேன். இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள், இன்னொரு கை இருக்கிறதே என்று பர்மிய மொழியில் கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பதினெட்டு வருஷத்தில் இடது கை என்ற யோசனை எனக்கு வந்ததே இல்லை. தபால்காரன் நீட்டும் கடிதத்தைக்கூட இடது கையால் வாங்கினால் முகம் சுளிப்போம். நான் அனுப்புவதோ கல்யாணம், சீமந்தம், பிள்ளைப்பேறு. ஊரார் வீட்டு மங்கல காரியத்தை அந்தக் கையால் அனுப்பவா? முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வந்தும் கோ பா தின் விடவில்லை. கம்பி சேர்க்காத பழைய சாவி ஒன்றைப் பலகையில் பொருத்தி மாலையில் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார்.

அது இரண்டு நாள் மூலையில் கிடந்தது. மூன்றாம் நாள் குஞ்சம்மாள் அதைத் தூக்கி என் முன்னால் வைத்தாள்.

"நான் முறுக்கு பிழியறப்போ ரெண்டு கையாலயும்தான் அழுத்தறேன். எந்தக் கைன்னு கேட்டுட்டா திங்கறீங்க? தட்டுங்க. எனக்கு எம்புள்ளைங்க படிக்கணும்" என்றாள்.

தட்டினேன். முதல் நாள் என் பெயரையே அடிக்க முடியவில்லை. ஆரம்பப் பள்ளிப் பையன் எழுத்துப் பழகுவதுபோல் காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம். தோள் வலி, கழுத்து வலி. வலது கையை உப்புத் தண்ணீரில் வைப்பதை நிறுத்திவிட்டேன். கடற்கரைக்குப் போய்க் கடலையே பார்க்காமல் ஒரு வாரம் இருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வார முடிவில் நிமிஷத்துக்குப் பத்து வார்த்தை வந்தது, அதிலும் இரண்டு தப்பு.

பதினைந்தாம் நாள் காலை மரைக்காயர் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சர்க்கரையை எங்கள் வாயில் போட்டுவிட்டு, மருமகனுக்குத் தந்தி கொடுக்க வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனார். கோ பா தின் முறைக்காய்ச்சலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு மேஜைக்குப் பக்கத்துக் கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியைக் கண்ணால் காட்டினார். நான் இலாகா ஆள்தான் என்றாலும் விதிப்படி சரியா என்று கேட்காதீர்கள். எங்கள் துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

நான் இடது கையைச் சாவியின் மேல் வைத்தேன். மரைக்காயர் அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, நல்ல சேதி. தலைச்சன் பேரன். சோத்துக் கையாலே தட்டுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார்.

அவர் சொன்னது தப்பென்று நான் நினைக்கவில்லை. என் வீட்டுச் செய்தியாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். எழுந்து சாவிக்கு அந்தப் பக்கமாக நின்றுகொண்டு, வலது கையால் மோல்மேனைக் கூப்பிட ஆரம்பித்தேன். கூப்பிட்டு முடிவதற்குள் கை இறுகிக்கொண்டது. விரல்களை இடது கையால் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. மரைக்காயர் அதையும் பார்த்தார். பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"நான் பாக்கல. தட்டுங்க" என்றார்.

இடது கையால் தட்டினேன். மோல்மேன் பதில் கொடுத்தது.

மேலே மோல்மேனைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். எழுத மனம் வரவில்லை. ரங்கூன்–மோல்மேன் கம்பியில் ஒன்பது வருஷமாக என் எதிர்முனையில் இருப்பவர் சவரிமுத்து. நேரில் பார்த்ததில்லை. ஆனால் தந்தி அடிப்பவர்களுக்கு ஆளுக்கு ஆள் தட்டும் விதம் வேறு, குரல் வேறாக இருப்பதுபோல். நான் இரண்டு எழுத்து அடித்தாலே அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். கம்பி ஓய்ந்திருக்கும்போது பேசிக்கொள்வோம். அவர் சம்சாரம் இறந்த அன்று எனக்குத்தான் முதலில் சொன்னார். மோல்மேனில் ஓர் இரவு தங்கியும் அவரைப் பார்க்க நான் போகவில்லை. தூக்கம் என்று குஞ்சம்மாளிடம் சாக்குச் சொன்னேன். இந்தக் கையை அவருக்கு நீட்ட வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

பதில் கொடுத்தது சவரிமுத்துதான். அந்தத் தட்டலை நான் தூக்கத்திலும் தெரிந்துகொள்வேன். அவருக்குத்தான் என்னைத் தெரியவில்லை. நான் தடுமாறித் தடுமாறி நான்கு வார்த்தை அடித்ததும் நிறுத்தச் சொல்லி, யார் இது, புது ஆளா என்று கேட்டார்.

என் பெயரை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. ஆமாம் என்று மட்டும் அடித்தேன்.

"பயப்படாதே. அவசரம் ஒன்றும் இல்லை. மெதுவாக அடி, நான் காத்திருக்கிறேன்" என்று அடித்தார். புதுப் பையன்களுக்கு அடிப்பதுபோல் ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி அடித்தார்.

ஆண் குழந்தை, இருவரும் சுகம் என்ற செய்தியை அனுப்பி முடித்தபோது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேரன் பிறந்த சந்தோஷத்தில் நானும் அழுகிறேன் என்று மரைக்காயர் நினைத்துக்கொண்டு தோளைத் தட்டினார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும் வழி வேறு. அம்ஹர்ஸ்டிலிருந்து தான்பியூசயாட் வரை பதினைந்து மைல் மோட்டார் பஸ், ஆளுக்கு ஒரு ரூபாய், ஒன்றரை மணி நேரம், எலும்பு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். அங்கிருந்து மோல்மேனுக்குப் புதிதாகப் போட்ட ரயில், மூன்று மணி நேரம், பன்னிரண்டணா. சேற்றில் இறங்க வேண்டியதில்லை என்பதால் சாமான் அதிகம் உள்ளவர்கள் போகவும் வரவும் இதையே வைத்துக்கொள்ளலாம். மோல்மேனில் மர்த்தபான் படகுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. சவரிமுத்துவின் ஆபீசு பத்து நிமிஷ நடை. குஞ்சம்மாள் போகச் சொன்னாள். படகுத் துறையில் மூட்டை மேல் உட்கார்ந்தே இருந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. கார்த்திகையிலிருந்து மாசி வரை போங்கள். பங்குனிக்குப் பிறகு வெயில் தாங்காது, மழைக்காலத்தில் படகை நம்ப முடியாது. கொசுவலை, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, காப்பித்தூள், புளி எடுத்துக்கொள்ளுங்கள். மீன் மலிவு, பால் கிடைப்பது கஷ்டம். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். ஙப்பி என்னும் புளித்த மீன் விழுதின் வாசனைக்கு இரண்டு நாளில் மூக்கு பழகிவிடும். மூன்று வாரத்துக்கு இரண்டு பேருக்கு, ரயில் படகு எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டு ரூபாய்க்குள் முடிந்தது. வியாதி தீருமா என்று கேட்பவர்களுக்கு, என் வலது கை போகும்போது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கடலைக் குற்றம் சொல்வதற்கில்லை.

துரையின் முன்னால் இடது கையால் அடித்துக் காட்டினேன். இருபதை எப்படியோ தொட்டேன். அவர் கைக் கடிகாரத்தைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். என்னைப் பழைய கம்பியிலேயே உட்காரவைத்திருக்கிறார்கள். சாவியை மட்டும் மேஜையின் இடது ஓரத்துக்கு மாற்றியாயிற்று.

போன வாரம் கம்பி ஓய்ந்திருந்தபோது மோல்மேனிலிருந்து சவரிமுத்து கேட்டார், இந்த இடத்தில் முன்பு ஒருவர் இருந்தாரே, அவர் என்ன ஆனார், ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களே, இறந்துவிட்டாரா என்று. என் கையைப் பற்றி மோல்மேனுக்குச் சொல்ல வேண்டாம் என்று ஆபீசில் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரியாது என்று அடித்துவிட்டு அடுத்த செய்தியை எடுத்தேன். அன்றிலிருந்து அவர் என்னிடம் வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இந்தப் பத்திரிகை மோல்மேனுக்கும் போகிறது என்று ஆசிரியர் சொன்னார். சவரிமுத்து, அம்ஹர்ஸ்டிலிருந்து அடித்ததும் நான்தான், இப்போது ரங்கூனில் இருப்பதும் நான்தான். வாசித்ததும் கூப்பிடுங்கள். நான் மெதுவாகத்தான் அடிப்பேன்.